பள்ளி ஹாலில் ஒடெத் வாசித்த புது இசை

1978 ஜூலை 16, ஞாயிறு. தென்காசி.

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்திருக்கும் பிரெஞ்சுக்கார அம்மாள் ஒடெத், இன்று சாயங்காலம் எங்கள் பள்ளி ஹாலில் பியானோ வாசித்தார். இந்தக் காலத்து இசையமைப்பாளர்களின் புது இசையை மட்டுமே வாழ்நாளெல்லாம் வாசித்து வருபவர். பாரிசிலேயே பாதிக் கச்சேரியில் எழுந்து போவார்களாம்.

“டீச்சர், நமக்குத் தெரிஞ்ச கீர்த்தனை ரெண்டு வாசிக்கச் சொல்லுங்க. இல்லன்னா சனம் எந்திச்சுப் போயிரும்” என்று தலைமையாசிரியர் காலையிலேயே சொன்னார். ஒடெத் மறுத்துவிட்டார். அவரை அழைத்தவள் நான்.

வாசிக்கத் தொடங்கியதுமே முன்வரிசையில் ஜவுளிக்கடை அண்ணாச்சி, “பியானோவுக்குக் கிறுக்கு புடிச்சிட்டோ?” என்று சத்தமாகக் கேட்டார். ஹாலே சிரித்தது. ஒடெத் நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் பேசினார். அதை நான் தமிழில் சொன்னேன்: “சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒருதடவை முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.”

மறுபடி முதலிலிருந்து வாசித்தார். முட்டி மோதிக்கொண்டிருந்த ஸ்வரங்கள் மெல்ல அடங்கி, கடைசியில் ஒன்று மட்டும் நெடுநேரம் நின்றது. அண்ணாச்சிதான் முதலில் எழுந்தார்.

“டீச்சர், இன்னொரு மட்டம் வாசிக்கச் சொல்லுங்க. அந்தக் கடைசி, நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது.”

நான் சொன்னதும் ஒடெத் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த இசையை மறுபடி வாசிக்கச் சொல்லி எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பியானோ முன் உட்கார்ந்தார். வாசலில் நின்ற தலைமையாசிரியர், நாற்காலி காலியில்லாததால், வேட்டியை ஒதுக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.