நாயைக் கட்டச் சொல்லுங்கள்

ஓசூரில் இருக்கும் உங்களுக்கு,

உங்கள் அண்ணன் வேண்டுமென்றேதான் நாயை அவிழ்த்துவிடுகிறார். பீர்க்கன்கரணை ஏரியோரம் போட்ட மனைக்கற்களுக்குக் காவலாக வாங்கிய நாய் அது. பகல் முழுக்க அதற்கு நம் அறை வாசலில் என்ன வேலை?

'முயல் கூண்டுக்குத்தான் பூட்டு இருக்கிறதே, என்ன பயம்?' என்று எழுதியிருந்தீர்கள். நாய் கடிக்கவே வேண்டாம், சுற்றிச் சுற்றி வந்தாலே போதும். முயல் மூலையில் ஒடுங்கிக்கொண்டு பின்னங்காலால் பலகையைத் தட்டுகிறது. இரண்டு நாளாக முட்டைக்கோஸ் இலையைத் தொடவில்லை. கூண்டை ஸ்டூல் மேல் வைத்தேன். நாய் முன்னங்கால்களைத் தூக்கிப் போட்டு நின்றது.

அத்தையிடம் சொன்னேன்.

"நாயின்னா சுத்திகினுதாம்மா இருக்கும். நீ மொயல உள்ள வச்சிகினு கதவ சாத்திக்கோ" என்றார்.

சாத்திக்கொண்டேன். உங்கள் அண்ணன் ஜன்னல் பக்கம் வந்து, "இன்னா, மொயலோட நீயும் உள்ள குந்திகினியா?" என்று சிரித்தார். அத்தையும் சிரித்தார்.

அவிழ்த்துவிடுகிறவரை இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பயப்படுகிறவள்தான் கதவைச் சாத்த வேண்டும்.

நேற்று பிற்பகல் அத்தை கடைக்குப் போயிருந்தார். நாய் மனையில் கட்டிக் கிடந்தது. அப்போதும் கதவு தட்டப்பட்டது. நான் திறக்கவில்லை.

ஊரப்பாக்கத்தில் என் சிநேகிதி வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அங்கே கொண்டுபோய் விடுங்கள். இது மூன்றாவது கடிதம். இந்த முறையாவது முயலை விட்டுவிட்டு, என்னைப் பற்றிப் பதில் எழுதுங்கள்.

உங்கள் மனைவி