ஒரு வீட்டிலிருந்து இரண்டு மனு

போர்ட் பிளேர்,
21.10.2025

அன்புள்ள தம்பி நெல்சனுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் பிரவீனாவும் இருக்கிறோம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்கிறேன். போனில் இதைப் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதி, வெள்ளிக்கிழமைக் கப்பலில் மெயின்லேண்ட் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு நம் ஊர்க் கோவிலில் வாசிக்கிற இறந்தவர்கள் பட்டியலில் உன் மச்சான் பெயரையும் கொடுத்திருக்கிறாயாம். அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சிலுவை வேறு நடப்போகிறாயாம். வெறும் மண்ணுக்கு எதற்கடா சிலுவை?

அவர் கடலுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. படகின் பலகை ஒன்று கட்சால் தீவுக் கரையில் ஒதுங்கிய அன்றைக்கே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். பலகைதானே ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லையே. எங்கள் தெரு அன்பழகனும் இப்படித்தான் காணாமல் போனார். எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்துப்போய், வேற்று நாட்டுச் சிறையில் கிடந்தார். வீட்டில் கருமாதியே முடிந்து, பத்தாம் மாதம் வாசலில் வந்து நின்றார்.

திங்கட்கிழமைதோறும் மீன்துறை ஆபீசுக்குப் போய் நிற்கிறேன். அங்கிருக்கும் சிவபிரகாஷ் நல்ல பிள்ளை. ஏதாவது சேதி வந்தால் தானே போன் பண்ணுவதாகவும், ஹர் ஹஃப்தா, வாராவாரம், அலைய வேண்டாம் என்றும் சொல்கிறான். போகாவிட்டால் ஃபைல் அடியில் போய்விடும், எனக்குத் தெரியாதா?

கோவிலிலும் அப்படித்தான். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு பீடத்துக்கு முன்னால் போய், முழங்கால் போடாமல் நின்றுகொண்டே கேட்கிறேன். நாலு நாள் பிணத்தை எழுப்பினவருக்கு ஏழு மாதம் பெரிய காரியமா என்று கேட்கிறேன். போன ஞாயிறு சாமியார், நீதிபதியை விடாமல் நச்சரித்த விதவையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஜெபம் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்றார். கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தம்மாள் மாதிரி கேட்கத் தயார், அந்தம்மாளுக்கு இருக்கிற பெயர் எனக்கு வேண்டாம்.

இத்தனை வருஷம் இங்கே ஆபீஸ் படி ஏறியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டிலிருந்து முரணாக இரண்டு மனு போனால், இரண்டையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். இங்கிருந்து நான் அவரை உயிரோடு தாரும் என்கிறேன். அங்கிருந்து நீ அவருக்கு நித்திய இளைப்பாற்றி தாரும் என்கிறாய். ஆண்டவர் எதை எடுப்பார், நீயே சொல்.

பிரவீனா முந்தாநாள் சாப்பிட உட்கார்ந்தவள், தட்டைத் தள்ளி வைத்தாள். "அம்மா, அப்பாவுக்குப் பூசை வச்சிருவோமா? எனக்கு அழணும்" என்றாள். அழு, யார் தடுத்தது என்றேன். "உயிரோட இருக்கிறவருக்கு எப்படிம்மா அழுறது?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளையை நான் வதைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதது. அந்தப் பிரசங்கம் கேட்ட ஞாயிற்றுக்கிழமையே, யாருக்காகப் பூசை என்று கொடுக்கிற கருத்துச் சீட்டு எழுதும்போது, அல்போன்ஸ் என்ற அவர் பெயருக்குக் கீழே என் கை தானாக "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று எழுதிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் சீட்டை வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

அக்காவுக்கு மலை போல விசுவாசம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். கையளவுகூட இல்லை, தம்பி. நீ அங்கே மெழுகுதிரி ஏற்றினால் நானும் இங்கே ஏற்றிவிடுவேன். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் நீயே போய் அந்தப் பெயரை அடித்துவிட்டு வா. இந்த ஒரு வருஷம் மட்டும்.

மாதா உன் வலையையும் பிள்ளைகளையும் காப்பாளாக. நீ கடலுக்குப் போகிற நாளெல்லாம், கரை ஏறியதும் முதலில் எனக்கு ஒரு போன் போடு.

உன் அக்கா,
திருமதி சூசைமேரி அல்போன்ஸ்