லூர்துராணியின் மரணச் செய்தி

மேலப்புதூர், திருச்சி
5.9.2021

அன்புள்ள கோதை,

நலமா? போனில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் எழுதிக்கொள்வோமே, அதுபோலக் காகிதத்தை எடுத்தேன். கொரோனா ஊசி போடாதவர்கள் வகுப்புக்குள் வரக்கூடாது என்று உன் பள்ளியில் சொல்லிவிட்டார்களாமே. இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளை வெளியே நிறுத்துவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டுக்கொள்ளேன். தனியாக இருக்கிறாய், பயமாக இருக்கிறது. இவரும் விசாரித்தார்.

உன் லூர்து

ஸ்ரீரங்கம்
11.9.2021

அன்புள்ள லூர்துவுக்கு,

பெருமாள் கிருபையில் இருக்கிறேன். என் உடம்புக்குள் எது போகவேண்டும் என்பதை ஒரு சர்க்குலர் எப்படித் தீர்மானிக்கலாம்? சித்திரையில் எங்காத்துக்காரரை ஊசிக்கு உன் காரில்தான் கூட்டிப்போனாய். “ஒண்ணும் ஆகாது கோதை, நான் இருக்கேன்ல” என்றாய். பத்தாம் நாள் ஜுரம். அப்புறம் ஆஸ்பத்திரியில் அவரை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு டாக்டர் தினமும் பேசுகிறார். என்ன நடந்தது என்று எனக்கு உட்காரவைத்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கோதைநாயகி

மேலப்புதூர்
19.9.2021

அன்புள்ள கோதை,

கட்டாயப்படுத்தலாமா என்று நீ கேட்பது நியாயம். அதில் பாதி உன் பக்கம் நிற்கிறேன். ஆனால் அந்த டாக்டர்? எங்கெல்லாமோ விசாரித்துவிட்டேன், அந்தப் பேரில் ஒரு டாக்டர் எங்கும் இல்லை. உன் வேதாந்தம் சார் போனது ஊசியால் இல்லை, அவருக்கு வந்தது கொரோனா. அந்த ரிசல்ட்டை நாம் சேர்ந்துதானே பார்த்தோம்.

இன்னொன்று. நேற்று என் மாணவி யாழினி போனில் அழுதாள். “மேம், நீங்கதானா பேசறீங்க?” என்றாள். காலேஜ் விழாவில் எடுத்த என் படத்துக்கு மாலை போட்டு, ஊசி போட்டுக்கொண்ட பேராசிரியை திடீர் மரணம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. பேசுவது உன் டாக்டர்தான். முதலில் சிரித்தேன். அப்புறம் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே, என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று உங்கள் குரூப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

லூர்து

ஸ்ரீரங்கம்
25.9.2021

லூர்து என்று எழுதுகிறவருக்கு,

குரூப்பில் சொன்னேன். “நேர்ல பாத்தேளா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இறந்தவர்கள் பேரில் எழுதி ஊசிக்கு ஆள் சேர்க்கிறார்களாம், டாக்டர் சொன்னார். பழைய கடிதங்களோடு வைத்துப் பார்த்தேன். எழுத்தின் சாய்வுகூட அப்படியே இருக்கிறது. அவ்வளவு சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

கோ.

மேலப்புதூர்
4.10.2021

கோதை,

நேற்று உன் வாசலுக்கு வந்தேன். நீ ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றாய். மாஸ்க்கைக் கழற்றி, “நான்தான்டி, பாரு” என்றேன். வெகுநேரம் பார்த்தாய். உனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. பிறகு, என்னைப் பன்மையில் அழைத்தாய். “அவர் முகத்தைக் காட்டாம, போயிட்டார்னு நம்பச் சொன்னேள். இப்ப முகத்தைக் காட்டி, இருக்கேன்னு நம்பச் சொல்றேள்” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாய்.

உன் பேரைச் சொல்லித் தெருவில் நின்று அழுதேன். ஊசி போட வேண்டாம். இனி அதைக் கேட்கவே மாட்டேன். என் பேரைப் போட்டு ஒரு வரி எழுது, போதும்.

லூர்து

ஸ்ரீரங்கம்
12.10.2021

மதிப்புக்குரிய இருதயநாதன் சாருக்கு,

உங்கள் மனைவி லூர்து போன சேதி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. துக்கத்துக்கு வராததற்கு மன்னியுங்கள். எங்காத்துக்காரர் போனபோது ஒட்டுவாரொட்டி என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவள் ஒருத்திதான் கூடவே இருந்து எனக்குச் சோறு ஊட்டினாள். அவளுக்காக நேற்று தலைமுழுகினேன்.

ஒன்று சொல்லவேண்டும். அவள் முகத்தோடு ஒருத்தி இங்கே வந்தாள். குரலும் அவள் குரல்தான். தாழ்ப்பாள் வரைக்கும் என் கை போய்விட்டது. பெருமாள் காப்பாற்றினார்.

உங்களிடமும் வருவாள். சமையலறையில் நிற்பாள், காபி கலந்து தருவாள், உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், பாவம். பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோதைநாயகி வேதாந்தம்