நான்கு நிமிடத்தில் உலகம் முடிகிறது

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அந்தப் பாட்டு. வானம் இடிந்து விழுகிறதாம், கடல் தெருவுக்குள் வருகிறதாம், தார் ரோடு கொதிக்கிறதாம். கையில் இரண்டு ஊசியோடு டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடப்பவளுக்கு இது வேறு தண்டனை.

இந்த அறையில் ஒரு வழக்கம். நர்ஸ் மேசையில் சின்ன ஸ்பீக்கர், நாற்காலி வரிசைப்படி ஆளுக்கொரு பாட்டு. என் முறை வந்தால் ‘எதுவும் வேண்டாம்’ என்பேன். பக்கத்து நாற்காலி வெல்டர் என் முறையையும் தனதாக்கிக்கொண்டு அதே கிடார் கூச்சலை இன்னொரு தடவை போடச் சொல்கிறான். டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில் பஸ்ஸில் எவனாவது சத்தமாகப் பாட்டு வைத்தால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவேன். இவனை எங்கே இறக்குவது? அவனும் மெஷினில் கட்டிக் கிடக்கிறான்.

மார்ச் 6, வியாழன்

தலைமை நர்ஸிடம் புகார் சொன்னேன். இனி ஆளுக்கு நான்கு நிமிடம்தான், அதற்குமேல் அவளே நிறுத்திவிடுவாள். வெல்டர் முறைத்தான்.

“செக்கர் அக்கா, வேலைய விட்டும் ஃபைன் போடுறத விடலையா?”

“பேசாம படு.”

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 15, சனி

பாட்டை நிறுத்திய பிறகும் அதில் வருகிற அழிவைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. எதிர் வரிசைக் கணக்கு வாத்தியார், அது கடவுள் கொடுக்கும் தண்டனை என்கிறார். “மனுஷன் பண்ண அநியாயத்துக்கு வட்டியோட வசூல் நடக்குது” என்றார். தலைமை நர்ஸ் அதைப் போர் என்கிறாள். அவள் தம்பி ராணுவத்தில் இருக்கிறான், அவளுக்கு எதைக் கேட்டாலும் குண்டுதான். மெஷின் டெக்னீஷியனுக்கு அர்த்தமே வேண்டாமாம், டிரம்ஸ் போதுமாம். அந்த அறையிலேயே புத்தி உள்ள ஒரே ஆள் அவன்தான்.

என்னையும் கேட்டார்கள். “அழியுற உலகம் சீக்கிரம் அழிஞ்சு தொலைஞ்சா நல்லது, எனக்குத் தாகமா இருக்கு” என்றேன். நர்ஸ் ஒரு ஐஸ் துண்டு கொடுத்தாள். ஒன்றே ஒன்று. உடம்பில் நீர் தங்கி எடை கூடியிருக்கிறதாம். தண்ணீர் குடித்தேனா என்று குற்றவாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள். குடித்தேன்தான். அதற்கு என்ன?

மார்ச் 25, செவ்வாய்

இதயம் தளர்ந்துகொண்டு வருகிறது, மெஷினை நம்பி அதிக நாள் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கையின் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது. அவள் எப்போதோ தயார் என்று சொல்லியாயிற்று. முடியாது என்பது நான்.

ஏன் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சொல்கிறேன். அவள் கணவனை டிக்கெட் இல்லாமல் பிடித்தேன். நிறைந்த பஸ், எல்லோர் முன்னாலும் அபராதம் போட்டேன். அதற்காக ஆறு வருடம் என்னோடு பேசாதவள் அவள். இன்றும் சொல்கிறேன், டிக்கெட் வாங்காதது அவர் தப்பு. இப்போது உடம்பிலிருந்து ஒரு பாகத்தை எடுத்துக் கொடுக்கிறாளாம். வாங்கிக்கொண்டால் அப்புறம் சாகிற வரைக்கும் அவள் முன்னால் நான் வாயைத் திறக்க முடியுமா? ஓசி டிக்கெட்டில் ஒருநாளும் ஏறியதில்லை. இதிலும் ஏறமாட்டேன்.

ஏப்ரல் 5, சனி

கால் வீக்கம். செருப்பு நுழையவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பொறுக்க முடியாமல் வெல்டரிடமே கேட்டேன். அந்தச் சனியன் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று.

மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எல்லாரும் சேர்ந்து போறாங்கல்லக்கா. ஒருத்தன்கூட மிச்சமில்ல. பாவம்னு பாக்க ஆளே இல்ல. நமக்கு மட்டும் தனியா முடியுது பாருங்க, அதான் கேவலமா இருக்கு.”

எரிச்சலாக வந்தது. தனக்கு முடிகிறதென்று ஊரையே கூடச் சேர்த்து அனுப்புவானாம். சுயநலம் பிடித்தவன்.

சரி, நான் மட்டும் என்ன?

ஏப்ரல் 10, வியாழன்

ஊசி எடுத்ததும் தலை சுற்றுகிறது என்பதால் தங்கை காரில் கூட்டிப்போக வருகிறாள். நான் கூப்பிடவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறவள், ஸ்கூல் காரிலேயே வந்துவிட்டாள். சீக்கிரம் வந்து சுவரோரம் நின்றாள். வெல்டரின் பாட்டு ஓடியது, நேரம் முடிந்ததும் நர்ஸ் நிறுத்தினாள்.

“ஏன் பாதியில நிறுத்துறாங்க?” என்றாள்.

“பாதியா?” என்றேன்.

“இது ஏழு நிமிஷப் பாட்டு. முக்கியமானதே இனிமேதான் வரும்.”

அதற்கு முன்பும் யாரும் முழுதாகக் கேட்டதில்லையாம். யார் முறை வந்தாலும் பாதியில் ஏதாவது ஒரு மெஷின் கத்தும், நர்ஸ் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். வெல்டருக்கே அவன் போனுக்கு யாரோ வெட்டி அனுப்பிய துண்டுதான் தெரியுமாம். வாத்தியாரின் தண்டனை, நர்ஸின் போர் எல்லாம் அரைப் பாட்டை வைத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நான்கு நிமிடச் சட்டம் நான் போட்டது.

காரில் முழுதாகப் போட்டாள். கடல் வந்தது, ரோடு கொதித்தது, எல்லாம் முடிந்து டிரம்ஸ் நின்றது. பிறகு ஒரு கதவைத் தட்டுகிற சத்தம். கிடார் கிடையாது. ஒரு குரல் மட்டும். ‘கதவத் திற. கோவத்த அப்புறம் காட்டு. இப்ப கிளம்பு.’ தட்டிக்கொண்டே இருக்கிறான். திறந்தார்களா என்று பாட்டில் இல்லை.

“எனக்குன்னே போட்டியா?”

“உன் மூஞ்சிக்கு எவன் பாட்டு எழுதுவான்? கிளட்ச் விடத் தெரியாம அலறுற ஆளுங்கள வச்சு ஓட்டும்போது இதத்தான் போடுவேன். அவங்க அலறல் கேக்காது.” முன்னால் போன ஸ்கூட்டரை ஹாரன் அடித்து விரட்டினாள்.

ஏப்ரல் 12, சனி

முழுப் பாட்டையும் போனில் கொண்டுபோனேன். என் முறையில் போடச் சொன்னேன், நேரத்தை மறந்துவிடுங்கள் என்றேன். நர்ஸ் வாயைப் பிளந்தாள்.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கதவு தட்டுகிற இடம் வருவதற்கு முன்னால் வெல்டருக்குச் சொன்னேன், இதற்குப் பிறகு ஒருவன் வருகிறான், கேள் என்று. “நிறுத்துங்க” என்றான். நர்ஸ் நிறுத்தவில்லை. “நிறுத்துங்கன்னு சொல்றேன்ல.” அவன் கை அசைந்து மெஷின் கத்தியது.

“உங்க கதவத் தட்ட ஆள் இருக்கு, நீங்க கேளுங்க. எனக்கு எவன் இருக்கான்? எனக்கு முன்பாதி போதும். அதையும் கெடுக்காதீங்க. வர்ற ஆளையும் வேணாம்னு சொல்லிட்டு உக்காந்திருக்கீங்க, நீங்க எனக்குப் பாட்டுச் சொல்லித்தர்றீங்களா?”

அவனுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அம்மாவுக்குச் சர்க்கரை, மனைவியின் சிறுநீரகம் பொருந்தவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி இருந்திருக்கும் அவனுக்கு? சீ.

ஏப்ரல் 13, ஞாயிறு

தங்கைக்குப் போன் செய்து சரி என்றேன். எதுக்குச் சரி என்கிறாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள், திமிர்.

“நன்றின்னு ஒரு தடவ சொல்லிப் பாரு, ஆபரேஷனே வேணாம்னு எந்திரிச்சுப் போயிடுவேன்” என்றாள். உன் புருஷன் விஷயத்தில் நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றேன். யார் கேட்டது என்றாள். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வெல்டர் நாற்காலியை மாற்றிக்கொண்டான். ஜன்னல் ஓரம் போய்விட்டான், எனக்கு முதுகு காட்டி.

மே 27, செவ்வாய்

சோதனைகள் முடிந்தன. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். கிளம்பும்போது ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெல்டர் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவர்கள் இப்படித்தான் கண்ணை மூடுவார்கள். எழுப்பாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

எழுத முடிகிறது. கோணல் மாணலாக.

வயிற்றைக் கிழித்த வலி. தங்கை அடுத்த அறையில். அவளுக்கு என்னைவிட வலி அதிகமாம், கொடுப்பவர்களுக்கு அப்படித்தானாம். காலையில் கண் விழித்ததும் நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். “அவளுக்கு மூத்திரம் வந்துச்சா?” வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

கட்டிலில் தொங்குகிற பையைப் பார்த்தேன். இரண்டு வருடமாக ஒரு சொட்டு இல்லாதவள். பாதிப் பை நிறைந்திருந்தது. வந்தது என்று போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

நர்ஸ் திரும்பி வந்து, அங்கே ஒரே அழுகை என்றாள். தையல் பிரிந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்வாள். அழாமல் படுக்கச் சொல்லுங்கள் என்றேன்.