அனுஷ்காவின் மாமியாரும் களப்புச் சேறும்

கற்பிட்டி
ஜூன் 14

அன்பு மகள் அனுஷ்காவுக்கு,

அன்னம்மாள் தாயின் புண்ணியத்தால் இங்கே எல்லாரும் சுகம், மெல்பேர்ன் குளிரில் நீயும் மருமகனும் அவருடைய தாயாரும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். போனில் சொல்ல வாய் வராததால் பெரியப்பா பேனை எடுத்தேன். இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பப்போவது என் மகன் றொபிதான், அவனும் வாசிப்பான், வாசிக்கட்டும். உன் அம்மா உன் மாமியாரோடு இரண்டு மாதமாகக் கதைக்காததற்கும், வீடியோவில் அந்த மனுசி கையசைத்ததும் போனைக் கவிழ்த்து வைத்ததற்கும், நீ கோபித்து அம்மாவுக்குக் கோல் எடுக்காமல் விட்டதற்கும் காரணம் நான்தான் மகள். ஈஸ்டருக்கு, தமிழ் தெரியாத உன் மாமியார் இங்கிலீஷில் அனுப்பிய வாழ்த்து அட்டையில், அனுஷ்காவுக்காகத் தன்னிடம் ஒரு ‘சொஃப்ட் ஸ்பொட்’ இருக்கிறது என்று எழுதியிருந்தா. இது என்ன அத்தான் என்று உன் அம்மா கேட்டா. தெரியாது என்று சொல்ல இந்த வாய்க்கு வருமா. டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரர் என் இங்கிலீஷைக் கேட்டுத்தான் வள்ளத்தில் ஏறுகிறார்கள் என்று ஊரே சொல்கிறது, அதாவது நான் சொல்கிறேன். உச்சமுனைப் பக்கம் கடலோரக் களப்பில் கால் புதைகிற சேற்றைக் காட்டி, சேர், சொஃப்ட் ஸ்பொட், நோ வோக் என்று பதினைந்து வருடமாகக் கத்துகிறவன் நான். ஒரு ஜெர்மன்காரன் கேளாமல் இறங்கி நெஞ்சுவரை புதைந்தான், ஒற்றைக் கையால் தூக்கினேன். இல்லை, முழங்கால்வரைதான், றொபியும் பிடித்தான், இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம். அந்த அறிவை வைத்துத்தான் உன் அம்மாவிடம், பாக்கியம், அந்த மனுசி உன் பிள்ளையை விழுத்தப் புதைசேறு வைத்திருக்கிறாவாம் என்று சொன்னேன். உன் அம்மா அன்றைக்கு ஒரு துண்டுப் பாண்கூடத் தின்னவில்லை.

அதோடு விட்டேனா. உங்களுக்காக எங்களிடமும் சொஃப்ட் ஸ்பொட் இருக்கிறது, உங்களுடையதைவிடப் பெரியது, மிகவும் ஆழம், வாருங்கள் காட்டுகிறோம் என்று உன் அம்மா பெயரில் இங்கிலீஷில் வெருட்டி எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு, பெருமை அடிக்க அதன் பிரதியை இங்கிலீஷ் படிப்பிக்கிற றிஸ்மினா டீச்சரிடம் கொண்டுபோனேன். அவ வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டா. ஐயோ அண்ணே, அது சேறில்ல, ஒருத்தர் மேல மனசு இளகி வெச்ச பாசம், உங்கட பிள்ளையில அவங்களுக்கு உசிரு என்று சொன்னா. பிறகு சிரித்த சிரிப்பில் வகுப்பே எட்டிப் பார்த்தது. நேற்று உன் மாமியாரின் பதில் வந்தது. டீச்சர்தான் வாசித்து விளங்கப்படுத்தினா. உன் அம்மா முகம் கொடுக்காதது வெட்கத்தால் என்று இப்போது விளங்கிவிட்டதாம், இவ்வளவு ஆழமாகத் தன்னிடம் யாரும் பாசம் வைத்ததில்லையாம், மூன்று தரம் அழுதாவாம். மூன்று என்பது நான் கூட்டிய கணக்கல்ல, அவவே எழுதியிருக்கிறா. ஆகஸ்டில் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு உன்னோடு வரவேண்டுமாம்.

இந்தக் கடிதத்தை முடித்ததும் உன் அம்மாவிடம் போகிறேன், எவ்வளவு ஏசினாலும் நின்று கேட்பேன். நீ ஞாயிறு பூசை முடியக் கட்டாயம் கோல் எடு, மாமியாரையும் பக்கத்தில் இருத்து. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் என்ன நினைத்து அதை எழுதினேன் என்று அந்த மனுசிக்குச் சொல்லிவிடாதே. என் மானத்துக்காக அல்ல மகள், அவ அழுத அழுகை வீணாகிவிடும். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். திருவிழாவில் உன் அம்மாவின் பேச்சையும் மாமியாரின் பேச்சையும் மொழிமாற்றிச் சொல்ல டீச்சர் வருவா. நான் உன் மாமியாரின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன்.

வெட்கத்தோடு,
உன் பெரியப்பா
மரியநாயகம்