பத்தொன்பது ஓட்டு வித்தியாசம்

வான்கூவர்,
செப்டம்பர் 12

அன்புள்ள அவெரிலுக்கு,

லோர்னா எழுதுகிறேன். நாற்பத்தைந்து வருடமாக நமக்குள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும்தான் போய்வந்துகொண்டிருக்கிறது. செப்டம்பரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ தவறிவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. டெஸ்மண்ட் போய் மூன்று வருடம் ஆகிறது, அதை அப்போதே தெரிவித்துவிட்டேன். இப்போது சாகக் கிடப்பது நம் தொகுதி.

எல்லை வரையும் குழு லாரல் ஹைட்ஸை இரண்டாக வெட்டிவிட்டது. கோடு எங்கள் தெருவின் நடுவிலேயே போகிறது. என் பக்கம் ஆற்றோரத் தொகுதியில் சேர்கிறது, எதிர்ப்பக்கம் பல்கலைக்கழகத் தொகுதியில். எதிர்வீட்டு திருமதி குவான் நேற்று வாசலில் நின்று, "இனிமே நாம ரெண்டு பேரும் வேற வேற நாடு. டீ குடிக்க வர்றதா இருந்தா பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே வந்து வரைபடத்தை மறுபடி பார்த்தபோது என் வீடு எந்தப் பக்கம் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

போதாக்குறைக்கு எங்கள் நீலக் கட்சியும் போன வருடம் கலைந்துவிட்டது. மூன்று தரம் பெயரை மாற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. போன வாரம் ஒரே சாயங்காலத்தில் இரண்டு வேட்பாளர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பச்சைச் சட்டை, இன்னொருவர் பழுப்புச் சட்டை. "நீலக் கட்சியோட அசல் வாரிசு நாங்கதாம்மா" என்று இருவருமே சொன்னார்கள். நான் இருவருக்கும் தலையாட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது, நீயே சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். வட்டார வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் ராண்டல் கீப் என்பவர், தொகுதி மறைவதற்குள் அதன் தேர்தல் வரலாற்றைப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். நான் தயங்கினேன். "நீங்க எழுதலேன்னா வேற யாருங்க எழுதுவாங்க? உங்கப்பாவும் உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து நாப்பத்தஞ்சு வருஷம் அந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க" என்றார். மறுக்க முடியவில்லை.

எழுத உட்கார்ந்தால் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 1933இல் தொகுதி பிறந்தது, மரஆலை முதலாளி ஒருவர் நின்றார், நீலம் வென்றது. அவருக்குப் பின் ஒரு டாக்டர், நீலம் வென்றது. 52இல் என் அப்பா. 75இல் அவருக்கு இதயம் பலவீனமானதும் மருமகன் டெஸ்மண்ட். 97இல் அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒரு பெண் வக்கீல். பெரிய வீடுகள், உயர்ந்த வேலிகள், உள்ளே எல்லாரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுகிறவர்கள். 79 மட்டும்தான் கதையாகச் சொல்லத்தக்க தேர்தல். அது உன் தேர்தல்.

நீ மஞ்சள் கட்சியில் மனுப் போட்ட அன்று என் சமையலறை மேஜையில் உட்கார்ந்துகொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? "இந்த ஊருல ஒரு தந்திக் கம்பத்துக்கு நீலச் சாயம் அடிச்சு நிறுத்தினாலும் ஜெயிச்சுடும்டி. உன் வீட்டுக்காரர் கம்பத்தைவிடக் கொஞ்சம் குள்ளம், அவ்வளவுதான்." டெஸ்மண்டும் சேர்ந்துதான் சிரித்தார். அதன்பிறகு நீ ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினாய். உன்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் வேலிக்குப் பின்னால் நின்று உன்னோடு மணிக்கணக்கில் பேசினார்கள். அப்பா முதல்முறையாகத் தூக்க மாத்திரை கேட்டார்.

மறு எண்ணிக்கை நீதிபதி முன்னால் மூன்று நாள் நடந்தது. அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது ஓட்டில் வென்றதாக அறிவித்ததும் டெஸ்மண்ட் எழுந்து கழிவறைக்குப் போனார். இருபது நிமிடம் திரும்பவில்லை. சிவந்த கண்ணோடு வந்தவரின் தோளைத் தட்டி அப்பா, "பையனுக்குச் சந்தோஷம் தாங்கல" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதற்கு அடுத்த வாரம் மீன் கடையில் நீ என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆகஸ்டில் ஹாலிஃபாக்ஸில் வேலை கிடைத்துப் போய்விட்டாய். நீல உடுப்பு அணிந்து மேடையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை நீ வேறு எப்படிப் பார்த்திருக்க முடியும்? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தத் தேர்தலில் நான் உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன். திங்கட்கிழமை தோறும் சட்டமன்றத்துக்காக அவரை எதிர்த்தீவிலுள்ள விக்டோரியாவுக்குப் படகேற்றிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்புவது எனக்கு அலுத்துவிட்டது. அவர் பல்கலைக்கழகத்தில் பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர். அதே தீவின் மேற்குக் கரை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருந்தது. அவர் தோற்றால் அங்கே போய்விடலாம் என்று நினைத்தேன். நீ ஜெயிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். எந்த நினைப்பு முந்தியது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. இதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. பதவிமேல் அவருக்கு அவ்வளவு ஆசை என்று எண்ணியிருந்தேன்.

வரலாற்றுக்காக அவருடைய பெட்டிகளைத் திறந்தேன். அந்த வருடத்துச் சட்டைப்பை டைரி கிடைத்தது. முழுக்க மழையும் பாசிகளின் பெயர்களும்தான். மனிதர்களை முதல் எழுத்தால்தான் குறிப்பார்; நான் 'எல்.', நீ 'ஏ.' ஓட்டுப் பதிவு நாளன்று மூன்று வரி இருக்கிறது. 'மழை இல்லை. தேவாலய மண்டபம், காலை பத்து மணி. ஏ.வுக்குப் போட்டேன், அவள் ஜெயிக்கட்டும், எனக்கு வேறு வழி தெரியவில்லை.'

அவெரில், அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஒரே கூரையின் கீழிருந்த இரண்டு ஓட்டும் உனக்கு விழுந்திருக்கின்றன. அப்படியிருந்தும் அவர் வென்றார். எதற்கு வழி தெரியவில்லை? எங்கிருந்து வழி? ஒன்றும் பிடிபடவில்லை.

வரலாற்றுக்கு எனக்குச் சில தகவல்கள் வேண்டும். டென்னிஸ் கிளப் வாக்குச்சாவடியில் உனக்கு எத்தனை விழுந்தது? உன் துண்டறிக்கையை அச்சடித்தது யார்? தேர்தல் நடந்த அந்த வசந்தத்தில் டெஸ்மண்ட் உன்னை வந்து பார்த்தாரா? கடைசிக் கேள்வி ஒரு முழுமைக்காகத்தான் கேட்கிறேன். பதில் எழுத முடியாவிட்டாலும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் மூட்டுவலிக்குக் கடல்காற்று ஆகாது. கால்களைக் கதகதப்பாக வைத்துக்கொள்.

என்றும் உன்,
லோர்னா பென்ஹேல்

*

வான்கூவர்,
நவம்பர் 3

அன்பு அவெரில்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. நாலு பக்கம்! வாழ்த்து அட்டையில் இரண்டு வரிக்குமேல் எழுதாதவள் நீ. உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. தினமும் காகிதத்தை எடுத்து வைப்பேன், பிறகு எழுந்து தோட்டத்தில் இலை கூட்டப் போய்விடுவேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன் என்று திருமதி குவான் சொன்னாள்.

தேர்தல் முடிந்தது. ஓட்டுப்போடும் மறைப்புக்குள் நான் நின்ற நேரத்தைப் பார்த்து அங்கிருந்த பெண் பயந்துவிட்டாள். "என்னம்மா, பென்சில் எழுதலையா?" என்றாள். பென்சில் நன்றாகத்தான் எழுதியது. சீட்டில் நீலம் இல்லை, எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் இல்லை. கடைசியில் யாருக்கோ போட்டேன். அந்த ஆள் தோற்றானா ஜெயித்தானா என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை. பச்சையா பழுப்பா என்று நானே குழம்பிவிட்டேன்.

நீ எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று தெரிய. தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டெஸ்மண்ட் உன் வீட்டுக்கு வந்தார். ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "எப்படியாவது நீ ஜெயிச்சுடு, அவெரில். என்னை வீட்டுக்கு அனுப்பு" என்றார். "உங்களுக்கு வேண்டாம்னா நீங்களே விலகிக்க வேண்டியதுதானே?" என்று நீ கேட்டாய். அதற்கு அவர், "மாமனாரைக்கூடச் சமாளிச்சுடுவேன். லோர்னா முகத்தைத்தான் பாக்க முடியாது. அவ இதுக்குன்னே பொறந்தவ. மேடையில உக்காந்திருக்கும்போது அவ முகத்தைப் பாத்திருக்கியா? நான் விலகினா அவ உடைஞ்சுபோயிடுவா" என்றார்.

அவெரில், மேடையில் நான் அந்த முகத்தை அவருக்காக வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவருக்காக என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன், அவர் எனக்காக என்று நினைத்து நின்றார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம். எத்தனை விருந்து, எத்தனை ரிப்பன் வெட்டு, எத்தனை திங்கட்கிழமைப் படகு! அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு நாங்கள் ஒரு விடுமுறைக்குக்கூடப் போகவில்லை. நான் போகலாமா என்று கேட்டால் அவர் மனது நோகும் என்று விட்டுவிட்டேன். அவரும் அப்படியே விட்டிருப்பார் போலிருக்கிறது. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன். அப்பாமேல் பட்டுப் பார்த்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர்தான் கண்ணுக்கு வந்தார். அந்தப் பத்தொன்பது பேர்மேல் படலாம் என்றால் அவர்கள் யாரென்று தெரியாது.

நீ ஏன் அப்போதே வந்து சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். நீயே எழுதியிருக்கிறாய்: "நீ எனக்கு எதிரா உக்காந்திருக்கேன்னு நினைச்சேன்டி. உன் குடும்பத்தோட ரகசியத்தை நான் ஏன் சுமக்கணும்னு வீம்பு." அந்த வீம்பு எனக்குப் புரிகிறது. உன் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ராண்டல் கீப்பிடம் பன்னிரண்டு பக்கத்தையும் கொடுத்துவிட்டேன். 79க்கு ஒரே வரிதான்: 'டெஸ்மண்ட் பென்ஹேல், நீலம், பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.' அவர் படித்துவிட்டு, "இவ்வளவு நெருக்கமான போட்டியாச்சே, வேற எதுவும் சொல்றதுக்கு இல்லையா?" என்றார். இல்லை என்றேன். டென்னிஸ் கிளப்பில் உனக்கு நாற்பத்தொன்று விழுந்ததையும் சேர்க்கவில்லை. நாற்பத்தொன்று! அந்தக் கூட்டத்தில்! அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. உன் முதல் பக்கத்தில் 'அந்த வசந்தத்தில் டெஸ்மண்ட் இரண்டு முறை வந்தார்' என்று எழுதியிருக்கிறாய். நாலு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. நீ அவசரத்தில் எழுதியிருக்கலாம். இல்லை, மற்றொரு நாள் சொல்லும்படியாக ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். நான் எதையாவது கோர்த்துப் பார்க்கிறேன், ஆனால் எதுவும் கடைசிவரை கோர்த்து வருவதில்லை. அவர் நல்ல மனிதர். நீயும் நல்லவள்தான். இந்த இரண்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். மற்றது தெரியாமலே நான் எழுபத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டேன்.

அதைப் பற்றி எனக்கு எழுதாதே. எழுதினால் நான் படிப்பேன். படித்துவிட்டு இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பதிலாக நீ புறப்பட்டு வா. ஏப்ரலில் மழை குறைந்துவிடும், விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். வந்து எதிரே உட்கார். சொல்வதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லாமல் இருந்தாலும் சரி, எதிரே மட்டும் உட்கார். அந்தக் காலத்தை அறிந்தவர்களில் இப்போது எனக்கு மிச்சம் இருப்பவள் நீ ஒருத்திதான். கடவுள் அதுவரை நம் இருவரையும் நடமாட வைக்கட்டும்.

உன்,
லோர்னா