என் முகம் கேட்டால் கொடுக்காதே

லான்சோ, சீனா,
ஜூலை 3, வியாழக்கிழமை

அன்புள்ள தும்பேயின் அம்மாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, நம் உயோலே மனையை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. ஜூன் மாதத்தில் மூன்று முறை வீடியோ அழைப்பில் என் முகத்தோடு வந்து, அழுது, உன்னிடம் பணம் கேட்டது நான் இல்லை.

தொலைபேசியில் சொல்ல வழியில்லாமல் போனதால் எழுதுகிறேன். இங்கே மருத்துவம் படிக்கும் சான்சிபார் பெண் ஃபரிதா நாளை மறுநாள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். அவளுடைய அண்ணன் மக்காமே, தார் எஸ் சலாமிலிருந்து நம் ஊர் ம்பேயா வழியாகப் பேருந்து ஓட்டுகிறவர். புதன்கிழமை காலை உன் பள்ளி வாசலில் இதை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். “அண்ணே, நான் என்ன பார்சல் ஆபீசா?” என்று முதலில் கேலி செய்தாள் ஃபரிதா. விஷயத்தைச் சொன்னதும் பையின் உள்ளறையைத் திறந்து காட்டி, “இதுலதான் பாஸ்போர்ட் வைப்பேன். இதுவும் அங்கேயே இருக்கட்டும்” என்றாள்.

கடிதத்தோடு இன்னொரு உறையும் ஒட்டி வைத்திருக்கிறேன். அதை இப்போது திறக்காதே. நான் சொல்லும் இடம் வந்ததும் திற.

போன ஞாயிறு வழக்கமான நேரத்துக்குத்தான் அழைத்தேன். நீ சமையலறை ஜன்னல் பக்கம் நின்றிருந்தாய். நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பரீட்சையில் காப்பியடிக்கும் பிள்ளையைப் பார்ப்பாயே, அப்படிப் பார்த்தாய். பிறகு, “வந்துட்டீங்களா?” என்று கேட்டாய். “இன்னொருத்தன் என் மூஞ்சியோட வருவான், மனையை விக்காதேன்னு கத்துவான், நம்பிடாதேன்னு அவர் அன்னைக்கே சொன்னாரு.”

எனக்கு எதுவும் புரியவில்லை. “எந்த மனை? யாரு விக்கிறா? விக்காதே!” என்று கத்தினேன். அவன் சொல்லிவைத்த வார்த்தையையே சொல்கிறேன் என்பது உன் முகம் மாறியபோதுதான் உறைத்தது. பின்னாலிருந்து தும்பே, “அம்மா, அப்பாதானே அது?” என்றாள். “இல்ல. நீ உள்ள போ” என்றாய். என்னைப் பார்த்து, “பன்னெண்டாம் தேதி கையெழுத்து. உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க” என்று சொல்லித் துண்டித்தாய். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து எந்த அழைப்பும் உன்னிடம் போய்ச் சேரவில்லை.

உன் அண்ணன் அம்பகிஸ்யேயைக் கூப்பிட்டேன். அவர் கோபப்படவே இல்லை; அதுதான் என்னைக் கலங்கடித்தது. “அடேயப்பா, எங்க மாப்பிள்ளை குரலை அச்சா புடிச்சிருக்கியே தம்பி, கெட்டிக்காரன்தான்” என்று பாராட்டினார். நான் சத்தியம் செய்யச் செய்ய அவருக்குச் சிரிப்பு கூடியது. “ஆய்வகத்துல மிஷின் உடைஞ்சு போய், பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சுக்கிட்டு நஷ்டஈடு கேக்கிறாங்கன்னு அந்த மனுசன் தேம்பித் தேம்பி அழுதாரு. வழக்கமான நம்பர்ல இதைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க, ஒட்டுக் கேக்கிறாங்கன்னாரு. நீ அதுல மண்ணு போடப் பாக்குறியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நான் எதையும் உடைக்கவில்லை. ஆனால் பாஸ்போர்ட் என் கையில் இல்லை என்பது உண்மை. தங்கும் அனுமதியை நீட்டிக்க மே மாதக் கடைசியில் கொடுத்தது, இருபதாம் தேதிதான் திரும்பி வரும். அதை உன்னிடம் நானே சொல்லியிருந்தேன். பொய்யை ஒரு நிஜத்தின் மேல் கட்டியிருக்கிறார்கள்.

இது எப்படி நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மாதம் மூவாயிரம் யுவான் உதவித்தொகை. அதில் ஆயிரத்து அறுநூறு உனக்கு வந்துவிடும். அறைக்கு வாடகை இல்லை. மிச்சத்தில் ஒருவன் இங்கே வாழலாம், வாழ்கிறார்கள். காலையில் ஆவியில் வெந்த இரண்டு ரொட்டியும் சோயாப் பாலும். மத்தியானம் சோறும் இரண்டு காய்கறியும். சூப் இலவசம், மூன்று கிண்ணம் குடித்தாலும் யாரும் கேட்பதில்லை. உணவகத்தில் இரவு ஏழரைக்கு மேல் ஒரு ஜன்னலில் மீந்ததைப் பாதி விலைக்குத் தருவார்கள். அந்த வரிசையில் நிற்கும் முகங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை.

சில நாள் அறையிலேயே உகாலி கிண்டுவேன். இங்கே கிடைப்பது மஞ்சள் சோளமாவு. என் அறைத்தோழன் அசமத் கிர்கிஸ்தானில் ஓஷ் நகரத்துக்காரன், அதைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டான். “என்னடா, இன்னைக்கும் சுவத்துக்குப் பூசற வேலையா? எனக்கும் ஒரு கரண்டி வை, என் பக்கத்துச் சுவரும் பேந்து போச்சு” என்பான். சமைக்கும் குக்கருக்குத் தடை உண்டு. புதன்கிழமைகளில் மாடியைப் பார்த்துக்கொள்ளும், நாங்கள் சித்தி என்று கூப்பிடும் பெண் சோதனைக்கு வருவாள். அசமத்தின் பூட்ஸ் பெட்டிக்குள் குக்கரை ஒளிப்போம்.

இதெல்லாம் கஷ்டம் என்று நான் நினைத்ததில்லை. மார்ச் மாதத்தில் கூரைத் தகடு விலை ஏறப்போகிறது என்றாய். தும்பேயை விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னாய். அந்த வாரம்தான் மாணவர் குழுவில் ஒரு செய்தி வந்தது. முகத்தைப் படம் பிடிக்க அரை மணிக்கு முந்நூறு யுவான். சுவாஹிலி பேசத் தெரிந்தவர்களுக்கு ஐந்நூறு. வெளியே வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் இது வேலையா? அசமத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “உன் மூஞ்சிக்கு ஐந்நூறா? எங்க ஊருல என் மூஞ்சியைக் காட்டினா ஒரு ரொட்டி கடன் தரமாட்டான்.”

கைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மூன்றாம் மாடி. சுத்தமான அறை. ஒரு பெண் வெந்நீர் கொடுத்து உட்காரவைத்தாள். இடது பக்கம் திரும்பு, கண்ணை இமை, வாயைத் திற, பத்து வரை எண்ணு. இயந்திரங்களுக்கு மனித முகத்தைக் கற்றுக்கொடுக்கிறோம் என்றார்கள். கையெழுத்தும் பத்துத் தடவை வாங்கினார்கள். படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று ஒரு கட்டம் இருந்தது. உன் எண்ணை எழுதினேன்.

இரண்டாம் முறை போனபோது, “வீட்டைப் பற்றிப் பேசுங்கள், மனைவியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு” என்றார்கள். செகேலா, இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை. ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். உயோலே மனையில் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருப்பதையும், தும்பேயின் முன்பல் விழுந்ததையும், கல்யாணத்தன்று பெய்த மழையையும், கோபம் வந்தால் நீ என்னை என்ன சொல்லி அழைப்பாய் என்பதையும் சொன்னேன். அவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது என்று நினைத்தேன்.

மூன்றாம் முறை அழச் சொன்னார்கள். அதற்கு இரட்டிப்புப் பணம். எனக்கு நடிக்க வராது, உனக்குத் தெரியும். வீட்டை நினைத்ததும் அழுகை தானாக வந்தது. நீ ஜூனில் கேட்ட அழுகை அதுதான். அழுதது நான், பணம் கேட்டது நான் இல்லை.

நேற்று முன்தினம் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. பதின்மூன்றாம் தேதி ஞாயிறு காலை வர வேண்டுமாம். இந்த முறை சந்தோஷமாகப் பேச வேண்டும். சொல்ல வேண்டியதையும் எழுதி அனுப்பியிருந்தாள். ‘பணம் வந்து சேர்ந்தது. இனிக் கவலை இல்லை. தும்பேயிடம் சொல்.’

தும்பேயின் பெயரைப் பார்த்ததும்தான் எந்த அறையில் என் முகத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று புரிந்தது. உன் கையெழுத்து சனிக்கிழமை. அவர்களுக்கு என் சிரிப்பு மறுநாளே வேண்டும்.

நேற்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மா ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “லுசாஜோ, நீ சொன்னதை நான் இன்னும் கேக்கல. போலீசுக்குப் போனா முதல் கேள்வியே அங்க ஏன் போனேன்னுதான் கேப்பாங்க. உதவித்தொகை போகும். ஒருவேளை ஊருக்கே அனுப்பிடுவாங்க. யோசிச்சுட்டு வா” என்றார். நல்ல மனுஷி. யோசித்துவிட்டேன். நாளை காலை போகிறேன். ஆனால் இங்கிருக்கும் போலீஸ் உயோலேயில் ஒரு பத்திரத்தை நிறுத்த முடியாது. அது உன் கையில்தான் இருக்கிறது. நானே வரலாம் என்றால் பாஸ்போர்ட் இல்லை, இருந்தாலும் டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. அந்த அறையில் கிடைத்ததெல்லாம் கூரைத் தகடாக உன் அண்ணன் வீட்டுக் கொல்லையில் அடுக்கிக் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தை நீ ஏன் நம்ப வேண்டும்? கையெழுத்தை நம்பாதே, அதுவும் அவர்களிடம் பத்துத் தடவை இருக்கிறது. நீ என்னைச் சோதிக்க எதைக் கேட்டாலும் அவன் பதில் சொல்லிவிடுவான். அத்தனையும் நானே சொல்லிக் கொடுத்தது. ‘கடிதம் ஒன்று வரும், நம்பாதே’ என்று இதற்குள் என் முகம் உன்னிடம் சொல்லியிருக்கவும் கூடும்.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நான் வாயைத் திறக்காத விஷயம் ஒன்றே ஒன்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே ஜூலையில், தும்பேக்குத் தட்டம்மை என்று நாம் பாடம் நடத்திய பள்ளிக்கு நீ வராத வாரம், உன் பெயருக்கு ஒரு உறை வந்தது. இந்த உதவித்தொகைக்கு நாம் இருவரும் விண்ணப்பித்திருந்தோம். தேர்வானது நீ. பத்து நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு தார் எஸ் சலாமுக்கு வரச் சொல்லி இருந்தது. அதைச் சுருட்டி, புவியியல் அறையில் பழைய ஆசியா வரைபடம் இருக்கும் குழாய்க்குள் செருகினேன். பத்து நாள் போனது. பதினெட்டாம் நாள் எனக்குக் கடிதம் வந்தது: வராத ஒருவரின் இடத்தில், காத்திருப்போர் பட்டியலிலிருந்து. நீ அன்றைக்குக் கோழி அடித்துச் சமைத்தாய்.

என் பெட்டியை நீதான் அடுக்கினாய். இங்கே வந்து திறந்தபோது, ஸ்வெட்டருக்கு மேலே முதலில் இருந்தது அந்த உறை. சுருண்டு கிடந்ததை இஸ்திரி போட்டு நேராக்கியிருந்தாய். ஒரு மூலையில் கரிப்பெட்டியின் சூடு பட்டுக் கருகியிருந்தது. கூட ஒரு வரிகூட எழுதவில்லை. எப்போது கண்டுபிடித்தாய் என்று நான் கேட்கவில்லை. ஏன் போக விட்டாய் என்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ, “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டாய், நான் பதில் சொன்னேன்.

ஒட்டியிருக்கும் உறையை இப்போது திற. உள்ளே அதே உறை; கருகிய மூலையைப் பார். அதில் இருப்பது உன் பெயர்.

என் முகத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், செகேலா. இந்தத் தப்பைத் தன்னுடையது என்று சொல்ல எந்தத் திருடனும் வரமாட்டான். இதனால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை.

சனிக்கிழமை கையெழுத்து மட்டும் போடாதே. அதற்குப் பிறகு விற்பதும் கட்டுவதும் உன் விருப்பம். கட்டினால் அந்த வீட்டில் எனக்கும் ஒரு மூலை உண்டா என்பதையும் நீயே சொல்ல வேண்டும். இனி என் முகம் அழைத்தால் எடுக்காதே, நான் அழைத்தாலும்.

தும்பேயைக் கடவுள் காப்பாற்றட்டும். கதவைத் தாழிட்டுப் படுங்கள்.

கேட்காமல் விட்டதைக் கேட்கிறேன். நீ நலமா?

உன் இடத்தில் இங்கே இருக்கும்,
லுசாஜோ